பழகிய தடம்

செக்கு மாடு காலை முதல் மாலை வரை நடக்கிறது. நடந்த தூரத்தைக் கூட்டிப் பார்த்தால் அது இரண்டு மூன்று ஊர்களைக் கடந்திருக்கும். ஆனால் மாலையில் நிற்பதும் காலையில் நின்ற அதே இடந்தான். மாட்டைக் குறை கூறுவதற்கில்லை. எண்ணெய் ஆட்டுவதற்கு அந்த வட்டம் போதும். மனிதனுடைய மூளையும் பல வேளைகளில் இப்படித்தான் சுற்றி வருகிறது. ஆனால் மாட்டுக்கு இல்லாத ஒரு மயக்கம் மனிதனுக்கு உண்டு. தான் வெகு தூரம் வந்துவிட்டதாக அவன் எண்ணிக்கொள்கிறான்.

ஒரு சிக்கலுக்கு வழி காணாமல் திகைக்கும்போது, "இதை நான் படிக்கவில்லையே" என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அறியாமை ஒரு தடைதான், யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் அதனினும் பெரிய தடை ஒன்று உண்டு. முன்பு ஒருமுறை நமக்கு வெற்றி தேடித் தந்த வழியே அந்தத் தடை. அறியாதவன் கேட்டுத் தெரிந்துகொள்வான். அறிந்துவிட்டதாக எண்ணுகிறவனோ கேட்கவே மாட்டான். விஞ்ஞானம் பயிலும் நாம் இந்த உண்மையை உணராவிட்டால், வாங்கிய பட்டங்கள் சுவரில் தொங்குமே தவிர, புதிதாக ஒன்றையும் நாம் கண்டுபிடிக்கப் போவதில்லை. இதுவே என் கருத்து. இதற்குச் சான்று உண்டா என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும்.

1942ஆம் ஆண்டில் ஆபிரகாம் லூச்சின்ஸ் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் ஒரு சோதனையை வெளியிட்டார். மிக எளிய சோதனை. மூன்று குடங்கள் இருக்கின்றன. முதற்குடம் 21 படி கொள்ளும். இரண்டாவது 127 படி. மூன்றாவது 3 படி. குடங்களில் வேறு அளவுக்குறி எதுவும் இல்லை. இவற்றைக் கொண்டே 100 படி நீரை அளந்து தரவேண்டும். சற்றுச் சிந்தித்தால் விடை கிடைக்கும். பெரிய குடத்தை நிரப்பி, அதிலிருந்து முதற்குடத்தை ஒருமுறையும் சிறு குடத்தை இருமுறையும் நிரப்பி ஊற்றிவிட்டால் எஞ்சுவது 100. இதே வழியில் தீரக்கூடிய கணக்குகள் சிலவற்றை அடுத்தடுத்துக் கொடுத்தார். பிறகு வேறொரு கணக்கு: குடங்கள் 23, 49, 3; வேண்டுவது 20.

பயிற்சி பெற்றவர்களில் மிகப் பலர் என்ன செய்தார்கள்? 49இலிருந்து 23ஐக் கழித்து, மேலும் இருமுறை மூன்றைக் கழித்து 20 என்றார்கள். விடை சரிதான். ஆனால் 23இலிருந்து 3ஐக் கழித்தாலே 20 வந்துவிடுகிறதே! முன்பயிற்சி எதுவுமின்றி நேரே இந்தக் கணக்கைப் பெற்றவர்கள் ஏறக்குறைய எல்லாருமே இந்தக் குறுக்கு வழியைக் கண்டுகொண்டார்கள். இன்னொரு கணக்கு: 28, 76, 3, வேண்டுவது 25. இதற்குப் பழைய வழி உதவாது. 28இலிருந்து 3ஐக் கழிக்க வேண்டியதுதான். பள்ளிச் சிறுவனும் சொல்லக்கூடிய இந்த விடையைக் காணாமல் பயிற்சி பெற்றவர்களில் பலர் கைவிட்டார்கள். விடுதியில் உங்கள் அறை நண்பரிடம் இந்தக் கணக்குகளைக் கொடுத்துப் பாருங்கள். அவர் கெட்டிக்காரராக இருந்தால் இன்னும் நல்லது.

"கெட்டிக்காரர்கள் இப்படி ஏமாறமாட்டார்கள்" என்று சிலர் நினைக்கலாம். அதற்கும் ஒரு விடை இருக்கிறது. 2008ஆம் ஆண்டில் பிலாலிச், மெக்லியட், கோபே என்னும் மூவர் சதுரங்கத்தில் தேர்ந்த ஆட்டக்காரர்களிடம் ஒரு நிலையைக் காட்டி, மிகக் குறைந்த நகர்த்தல்களில் வெல்லும் வழியைக் கேட்டார்கள். எல்லாருக்கும் பழக்கமான ஐந்து நகர்த்தல் வழி ஒன்று அதில் இருந்தது. அவ்வளவாகப் பழக்கமில்லாத மூன்று நகர்த்தல் வழியும் இருந்தது. ஆட்டக்காரர்கள் முதல் வழியைக் கண்டார்கள், பிறகு அதைவிடச் சிறந்ததைத் தேடினார்கள், இல்லை என்றார்கள். அவர்களுடைய கண் எங்கே செல்கிறது என்பதைக் கருவி கொண்டு பதிவு செய்து பார்த்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. "வேறு வழியைத் தேடிக்கொண்டிருக்கிறோம்" என்று அவர்கள் சொன்ன நேரத்திலும் கண்கள் பழைய வழிக்குரிய கட்டங்களையே சுற்றிக்கொண்டிருந்தன. அவர்கள் பொய் சொல்லவில்லை. தேடுவதாகவே மனமார நம்பினார்கள். பழைய வழி பலிக்காதபடி காய்களைச் சற்று மாற்றி வைத்ததும், அதே மூன்று நகர்த்தல் வழி அவர்களுக்குப் புலப்பட்டது.

எனக்கு இது சற்று அச்சத்தைத் தந்த செய்தி. "நான் திறந்த மனத்தோடு சிந்திக்கிறேன்" என்று ஒருவன் சொல்வது சான்றாகாது என்பதல்லவா இதன் பொருள்? முதலில் தோன்றிய விடை நம் கண்ணையும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்கிறது.

விடையைப் போலவே பெயரும் நம்மைக் கட்டிப்போடுகிறது. ஒரு பொருளுக்கு "பெட்டி" என்று பெயர் வைத்துவிட்டால், அது எதையாவது போட்டு வைப்பதற்கே உரியது என்று மனம் முடிவு கட்டிவிடும். கார்ல் டுங்கர் என்ற ஜெர்மானிய அறிஞரின் சோதனை உலகப் புகழ் பெற்றது. மேசைமேல் மெழுகுவத்தியும் தீக்குச்சிகளும் ஒரு பெட்டி நிறையச் சிறு ஆணிகளும் இருக்கின்றன. மெழுகுவத்தியைச் சுவரோடு நிறுத்தி ஏற்ற வேண்டும். பலர் ஆணியால் மெழுகுவத்தியைச் சுவரில் அடிக்கப் பார்க்கிறார்கள். உருக்கி ஒட்டப் பார்க்கிறார்கள். ஆணிகளைக் கொட்டிவிட்டுப் பெட்டியைச் சுவரில் பொருத்தினால் அதுவே மாடமாகிவிடும் என்பது தோன்றுவதில்லை. ஆணிகளை வெளியே கொட்டி, வெறும் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக் கொடுத்தால் மேலும் பலருக்குத் தோன்றுகிறது. இதே போன்ற ஒரு சோதனையைக் குழந்தைகளிடம் நடத்தி 2000ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆறு, ஏழு வயதுக் குழந்தைகள் தடுமாறினார்கள். ஐந்து வயதுக் குழந்தைகள் தடுமாறவில்லை. பெட்டி எதற்கு என்று உலகம் இன்னும் அவர்களுக்கு அழுத்தமாகச் சொல்லவில்லை போலும்!

மூன்றாவதாக ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டால் அந்தக் கேள்வி தீர்ந்தது என்று எண்ணுவது அது. இதற்கு நான் வெளிநாட்டுக்குச் செல்ல வேண்டியதில்லை. நாம் படித்துக்கொண்டிருக்கும் இந்தக் கல்கத்தா மாநகருக்கு 1907இல் தமிழ் இளைஞர் ஒருவர் நிதித்துறை அதிகாரியாக வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 18. அலுவலகம் செல்வதற்கு முன்னும் அலுவலகம் முடிந்த பின்னும் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் சோதனைகள் செய்தார். அவர்தாம் சர் சி. வி. இராமன்.

கடல் ஏன் நீலமாக இருக்கிறது? வானத்தின் நீலத்துக்குக் காரணம் கண்ட ராலே பிரபு இதற்கும் விடை சொல்லியிருந்தார். வானத்தின் நீலத்தைக் கடல் பிரதிபலிக்கிறது. அவ்வளவே என்பது அவர் கருத்து. சொன்னவர் நோபல் பரிசு பெற்றவர். விடையும் கேட்பதற்கு இயல்பாக இருந்தது. 1921இல் இங்கிலாந்துக்குச் சென்று கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த இராமன் அந்த விடையோடு அமைதி அடையவில்லை. அவரிடம் நிக்கோல் பட்டகம் ஒன்று இருந்தது. கடற்பரப்பிலிருந்து பிரதிபலித்து வரும் ஒளியை மறைக்கத்தக்க கோணத்தில் அதைப் பிடித்துப் பார்த்தார். வானத்தின் பிரதிபலிப்பு மறைந்தது. கடலின் நீலமோ மறையவில்லை! அப்படியானால் அந்த நீலம் கடல் நீரிலிருந்தே வருகிறது. நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. அந்தச் சிதறலைத் தொடர்ந்து ஆராய்ந்த வழியிலேதான் 1928 பிப்ரவரி 28 வந்தது. 1930இன் நோபல் பரிசும் வந்தது.

அந்தக் கப்பலில் எத்தனையோ பேர் கடலைப் பார்த்திருப்பார்கள். பட்டகமும் கிடைத்தற்கரிய பொருளன்று. தீர்ந்ததாகக் கருதப்பட்ட ஒரு கேள்வியைத் தீராததாகக் கருதும் துணிவு இராமனிடம் இருந்தது. ராலேயை இகழ்ந்து அவர் அதைச் செய்யவில்லை. ராலே சொன்னதைச் சோதித்துப் பார்த்தார். பெரியவர்களுக்கு நாம் செய்யும் உண்மையான மரியாதையும் அதுவே என்பேன்.

இனி நான்காவது பழக்கம். எதிர்பார்த்ததற்கு மாறாக வருவதைக் குப்பையில் எறிந்துவிடுவது. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து மருத்துவமனையில் ராபின் வாரன் என்ற மருத்துவர் 1979இல் இரைப்பைத் திசுக்களில் வளைந்த உருவமுள்ள நுண்ணுயிர்களைக் கண்டார். இரைப்பையில் அமிலம் இருப்பதால் அங்கே எந்த நுண்ணுயிரும் தங்கி வாழாது என்பது அப்போது மருத்துவ உலகின் உறுதியான நம்பிக்கை. அதற்கு முன்பும் ஒரு நூற்றாண்டுக் காலத்தில் சிலர் அவற்றைக் கண்டதுண்டு. ஆயினும் அவை பொருட்படுத்தப்படவில்லை. வயிற்றுப்புண் மனக் கவலையாலும் அமிலத்தாலும் வருவது என்றே மருத்துவர்கள் கருதினார்கள்.

வாரனுடன் பாரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் சேர்ந்துகொண்டார். நோயாளிகளின் திசுவிலிருந்து அந்த நுண்ணுயிரைத் தட்டுகளில் வளர்க்க முயன்றார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட முயற்சிகள் வீணாயின. இரண்டு நாளில் எதுவும் வளரவில்லையென்றால் தட்டை எறிந்துவிடுவது சோதனைச் சாலையின் வழக்கம். வழக்கமான நுண்ணுயிர்களுக்கு அந்தக் கெடு போதுமானதே. 1982இல் ஈஸ்டர் விடுமுறை வந்தது. நான்கைந்து நாள் தட்டுகள் எறியப்படாமல் கிடந்தன. விடுமுறை கழிந்து வந்து பார்த்தால் நுண்ணுயிர் வளர்ந்திருந்தது! அது மெதுவாக வளரும் உயிர், அவ்வளவுதான். உலகம் நம்பாதபோது 1984இல் மார்ஷல் அந்த நுண்ணுயிரைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சியையும் வரவழைத்துக்கொண்டார். இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று அந்த நுண்ணுயிரால் வரும் வயிற்றுப்புண்ணை மருந்து கொடுத்துக் குணப்படுத்துகிறார்கள்.

இதை நற்பேறு என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த விடுமுறை என்ன செய்தது என்று எண்ணிப் பாருங்கள். புதிய கருவி எதையும் அது தரவில்லை. புதிய அறிவையும் தரவில்லை. ஒரு பழக்கத்தைச் சில நாள் நிறுத்தி வைத்தது. வேறொன்றும் செய்யவில்லை. முதலில் எறியப்பட்ட முப்பதுக்கும் மேற்பட்ட தட்டுகளில் எத்தனை பொறுத்திருந்தால் விடை சொல்லியிருக்குமோ!

நண்பர்களே, இப்போது நம் நிலைக்கு வருவோம். நாம் பயின்ற கல்வி இந்த நான்கு பழக்கங்களில் எதையாவது தடுக்கிறதா? நான் பார்த்த வரையில் நான்கையும் நீர் ஊற்றி வளர்க்கிறது. பள்ளி நாளிலிருந்து கணக்கைப் படித்தவுடன் "இது எந்த மாதிரிக் கணக்கு?" என்று கேட்கவே பழகியிருக்கிறோம். மாதிரி தெரிந்தால் சூத்திரம் தெரியும். சூத்திரம் தெரிந்தால் மதிப்பெண் கிடைக்கும். "பாடத்திட்டத்தில் இல்லை" என்ற ஒரு சொல்லால் எந்த நல்ல கேள்வியையும் வகுப்பிலிருந்து வெளியேற்றிவிடலாம். போட்டித் தேர்வுகளில் பெரும்பாலான கேள்விகளுக்கு நான்கு விடைகளைக் கொடுத்து ஒன்றைத் தெரிந்தெடுக்கச் சொல்கிறார்கள். ஆயிரக்கணக்கான கேள்விகளை இப்படிப் பயின்ற மனம், ஐந்தாவதாக ஒரு விடை இருக்கக்கூடும் என்று நினைப்பதையே மறந்துவிடுகிறது.

சோதனைச் சாலையிலோ நிலைமை இன்னும் மோசம். இளங்கலை வகுப்பில் ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடும் சோதனையை எல்லாரும் செய்திருப்போம். விடை 9.8 என்பது சோதனைக்கு முன்பே தெரியும். ஒரு மாணவனுக்கு 9.6 வருகிறது. என்ன நடக்கும்? பென்சிலால் எழுதியதை அழித்துவிட்டு, 9.8 வரும்படி அளவுகளைத் திருத்தி ரெக்கார்டு நோட்டில் எழுதிவிடுவான். ஆசிரியரும் சிவப்பு மையால் சரி என்று குறியிடுவார். பல கல்லூரிகளில் நடக்கும் செய்திதான் இது. ஒரு கல்லூரியை மட்டும் சுட்டுவது நியாயமாகாது.

அந்த 9.6இல் என்ன இருந்தது தெரியுமா? நூலின் நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்காமல் கொக்கி வரை மட்டும் அளந்திருக்கலாம். 50 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் நூற்றுக்கு இரண்டு பங்கு குறையும், 9.8 என்பது 9.6 ஆகிவிடும். நூலின் நீளத்தை மாற்றி மாற்றி அளந்து வரைபடம் போட்டிருந்தால், கோடு தொடக்கப் புள்ளியின் வழியே செல்லாமல் சற்று விலகி நின்று அந்தத் தவற்றைக் காட்டிக் கொடுத்திருக்கும். அன்றைய வகுப்பில் கற்பதற்கு இருந்தவற்றிலெல்லாம் மேலான பாடம் அந்த 9.6இல்தான் இருந்தது. அதை ரப்பரால் அழித்துவிட்டோம். பெர்த் நகரில் எறியப்பட்ட தட்டுகளுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இதன் பயனை நம் கண்முன்னே காண்கிறோம். முதல் வகுப்பில் தேறி, ஊரார் மெச்ச, 1,600 கிலோமீட்டருக்கு மேல் ரயிலேறி இந்நகருக்கு ஆராய்ச்சி செய்ய வருகிறார்கள் நம்மவர்கள். அதுவரை அவர்கள் பார்த்த எல்லாக் கேள்விகளுக்கும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை இருந்தது. ஆராய்ச்சியில் கடைசிப் பக்கம் கிடையாது. ஆறு மாதம் சென்றும் ஒன்றும் வழிக்கு வராதபோது, "எனக்கு மூளையில்லை" என்று அவர்கள் மனம் ஒடிந்து போகிறார்கள். வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும்போது "எல்லாம் நன்றாகப் போகிறது அம்மா" என்று சொல்லிவிட்டு அறையில் தனியே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு மூளை குறைவில்லை. பழகிய தடம் முடிந்த இடத்தில் எப்படி நடப்பது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. தெரிந்த வழிகளை நொடியில் எடுத்துத் தரும் கருவிகள் இன்று சட்டைப் பையிலேயே வந்துவிட்டன. தெரிந்த வழியை மட்டும் அறிந்தவனுக்கு இனி என்ன மதிப்பு இருக்கப் போகிறது?

இங்கே ஒரு மறுப்பு எழலாம். "பழக்கமே வேண்டாம் என்கிறாயா? வாய்பாடு தெரியாதவன் கணிதத்தில் புதுமை செய்வானா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பழக்கமின்றி ஒரு நாளும் நகராது. சைக்கிள் ஓட்டுகிறவன் ஒவ்வொரு மிதிக்கும் சிந்தித்துக்கொண்டிருந்தால் சாக்கடையில்தான் விழுவான். படிக்காதவனே புதுமை செய்வான் என்பதும் வெறுங்கதை. இராமனுக்கு ஒளியியல் ஆழமாகத் தெரிந்திருந்ததால்தான் பட்டகத்தை எந்தக் கோணத்தில் பிடிப்பது என்று தெரிந்தது. சதுரங்க ஆராய்ச்சியிலுங்கூட, தேர்ச்சியின் உச்சியில் இருந்த ஆட்டக்காரர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே சிக்கினார்கள். ஆகவே குறைவாகப் படிப்பது மருந்தாகாது. கற்ற வழி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அதன் எல்லையையும் சேர்த்துக் கற்பதே மருந்து. இரண்டு நாள் கெடு எந்த நுண்ணுயிருக்கு உரியது என்று தெரிந்தவன், எதற்கு உரியதன்று என்றும் கேட்பான்.

தன்னந்தனியே ஒருவன் இதைச் செய்வது கடினம். அவன் கண்ணே அவனை ஏமாற்றுகிறது என்று முன்னே பார்த்தோம். வேறு கண்கள் வேண்டும். வகுப்பிலே நம்மில் பலர் வாய் திறப்பதில்லை. வங்காளியும் இந்தியும் சரளமாக வராது; ஆங்கிலத்தில் தவறு வந்தால் சிரிப்பார்களே என்ற நாணம். ஆகவே வேறு கண்களை நாடக்கூடிய இடத்திலும் நாம் மௌனமாக இருந்துவிடுகிறோம். அந்த நாணத்துக்கு இடமில்லாத ஓர் இடம் நமக்கு உண்டென்றால் அது நம் தமிழ்ச் சங்கந்தான்.

தாய்மொழியில் பேசுவதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. கலைச்சொற்களை ஆங்கிலத்தில் அடுக்கும்போது, புரியாததும் புரிந்தது போலத் தோன்றும். "என்ட்ரோப்பி கூடுகிறது" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அதையே இலக்கியம் படிக்கும் நண்பரிடம் தமிழில் விளக்கப் புகுந்தால், எது கூடுகிறது, ஏன் கூடுகிறது என்று அவர் கேட்பார். பெயர் என்ற பெட்டிக்குள் இருப்பதைக் கொட்டிக் காட்ட வேண்டி வரும். சிக்கல் எங்கே இருக்கிறது என்று நமக்கே அப்போதுதான் தெரியும்.

ஆகையால் சங்கத்தின் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவையும் பட்டிமன்றத்தையும் நாம் சிறப்பாக நடத்துகிறோம், அவை தொடரட்டும். அவற்றோடு மாதம் ஒரு சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் ஒதுக்குவோம். தன் ஆராய்ச்சியில் முட்டி நிற்கும் ஒரு சிக்கலை ஒருவர் கொண்டுவந்து தமிழில் சொல்லட்டும். எதிர்பார்ப்புக்கு ஒத்துவராமல் எறிய நினைத்த அளவு ஏதேனும் இருந்தால் அதையும் கொண்டுவரட்டும். பௌதிகக்காரர் சொல்வதை வரலாறு படிப்பவரும் கேட்கட்டும். முதலில் தோன்றும் வழியைக் கரும்பலகையில் எழுதி ஒரு பக்கமாக வைத்துவிட்டு, அது இல்லையென்றால் என்ன செய்வோம் என்று எல்லாரும் யோசிப்போம். எவரும் எவரையும் பார்த்துச் சிரிக்கலாகாது. மூத்தவர் சொன்னார் என்பதற்காக ஒன்றை ஏற்கவும் வேண்டாம். இளையவர் சொன்னார் என்பதற்காகத் தள்ளவும் வேண்டாம்.

செலவு ஒரு கெட்டில் தேநீர், அவ்வளவே. வருவதாக ஐந்து பேர் சொன்னால் போதும், வரும் மாதமே தொடங்கிவிடலாம். யார் யார் வருகிறீர்கள்?